நடுகல்லிலிருந்து பதக்க விளிம்புக்கு: தமிழகத்தில் படைவீரர் நினைவு

படைவீரரின் கதையைக் காத்துவைக்கும் வழக்கம் தமிழகத்தில் கல்லில் தொடங்குகிறது. மதுரை வழியே ஓடும் வைகையின் கரையில், மேற்கே ஆண்டிபட்டி வட்டாரத்தில், புலிமான்கோம்பை இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006இல் அங்கே தமிழ் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், பட்ட தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் அவற்றில் ஒன்று. ஆள், ஊர், பூசல் என்ற மூன்றோடு செய்தி முடிகிறது. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை நடுகல் எடுப்பதற்கென ஆறு நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துள்ளது.

பல்லவர் காலத்தில் கல் விரிவாகவே பேசியது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வீரனுக்குப் பக்கத்தில் நாய் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்கிறது கல்வெட்டு. நாயின் பெயரையும் விடாத இந்த அக்கறை பிற்காலப் பதிவேடுகளுக்கு வாய்க்கவில்லை. பட்டவன் குடும்பத்துக்கு விட்ட நிலம் உதிரப்பட்டி எனப்பட்டது. ஆக, நினைவும் பிழைப்பும் ஊர்ப்பொறுப்பாகவே இருந்தன.

முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கில அரசு ஊர்களில் கல்வெட்டுப் பலகைகள் பதித்தது. இவ்வூரிலிருந்து போனவர் இத்தனை பேர், மாண்டவர் இத்தனை பேர் என்ற கணக்கோடு அவை நின்றுவிடும். வீரனின் பெயர் இடம்பிடித்தது பதக்கத்தின் விளிம்பில். பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தில் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொடி எழுத்தில் அச்சிடப்பட்டன. போர்வீரர்க்கு அது வெள்ளி. தொழிலாளர் படையினர்க்கு வெண்கலம். ஊர் நடுவில் நின்ற நினைவு இப்படி வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் ஒடுங்கியது. வெள்ளியாகப் போனதே அதற்கு வினை. எடைக்கு விற்று உருக்கப்பட்ட பதக்கங்கள் உலகெங்கும் ஏராளம்.

இரண்டாம் உலகப் போரில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த மலேயாத் தமிழர்க்கு அந்தப் பதக்கமும் இல்லை. 1972இல் மத்திய அரசு கொண்டுவந்த தியாகிகள் ஓய்வூதியத்துக்குச் சிறைச் சான்று கேட்கப்பட்டது. அது கிடைக்காதவர்கள் உடன் சிறையிருந்தவர்களிடம் சான்றிதழ் வாங்கி இணைத்தார்கள். உதிரப்பட்டியின் வாரிசு என்று இம்மனுக்களைச் சொல்லலாம். ஆனால் எத்தனை மாதச் சிறை என்பதே அலுவலகத்துக்கு வேண்டியிருந்தது. நடந்த கதைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அந்தக் குறையைப் பெரிதும் தீர்த்தது நாவல்தான். இந்தோனேசியாவின் மேடானில் வாழ்ந்து திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர் ப. சிங்காரம். 1959இல் வெளிவந்த அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ நாவலின் நாயகன் செல்லையா நேதாஜி படையில் இருந்தவன். ஓய்வூதியத் திட்டம் வந்த அதே 1972இல் ‘புயலிலே ஒரு தோணி’ வெளியானது. சிங்கப்பூரில் 1979இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கி, ஜப்பானியர் ஆட்சிக்காலத்தைக் கண்டவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்தது. மதுரையில் நாவலாசிரியன் தனியாகச் செய்ததை அங்கே அரசே செய்தது.

உருக்கப்படாமல் வீட்டில் தங்கிய பதக்கங்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. வெள்ளிச் சாமானைத் திருநீறு போட்டுத் துலக்குவது தமிழ் வீடுகளின் பழக்கம். பதக்கத்தை அப்படித் தேய்த்தால் முதலில் மழுங்குவது விளிம்பெழுத்து. பெட்டியில் பதக்கம் வைத்திருப்பவர்கள் துலக்குவதை நிறுத்தி, அந்த எண்ணையும் பெயரையும் ஒரு தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும்.