பத்து காவான் பலகாரத் தட்டு

தமிழில் சமையல் நூல் என்றவுடன் நினைவுக்கு வருவது, எஸ். மீனாட்சி அம்மாள் 1951ஆம் ஆண்டு சென்னையில் வெளியிட்ட 'சமைத்துப் பார்' ஆகும். தாயின் அடுப்படியைப் பிரிந்த இளம்பெண்ணுக்கு அளவும் பக்குவமும் எழுத்தில் வழங்கிய நூல் அது.

தாயைப் பிரிந்து கடல் கடந்த தமிழ்ப் பெண்களோ, அதற்குப் பல்லாண்டு முன்னரே செபராங் பிறைத் தோட்டங்களில் குடியேறியிருந்தனர். அதன் தென்பகுதியிலுள்ள பத்து காவானில், 19ஆம் நூற்றாண்டில் தியோச்சூ சீனர் கரும்பு விளைவித்தனர். பின்னர் ரப்பரும் செம்பனையும் வந்தன. இத்தகைய தோட்டங்களின் லயத்துப் பெண்களுக்கு நூல் ஏது? அடுத்த வீட்டு அடுப்பே ஏடு. தீபாவளிக்கு முறுக்கு பிழிய, அச்சு ஒருத்தியுடையது, உரல் மற்றொருத்தியுடையது. துணி மூடிய பலகாரத் தட்டு சீனர், மலாய்க்காரர் இல்லங்களுக்கும் சென்றது. அதனை வெறுமையாய்த் திருப்புதல் வழக்கமன்று. சிறிது சீனியேனும் இட்டுத் தருவர். நோன்புப் பெருநாளில் கெத்துப்பாட்டும் ரெண்டாங்கும் எதிர்வரிசையாய் வந்தன. இப்பழக்கத்தில்தான் பெலாச்சான் தமிழர் அம்மியிலும் ஏறியது. சைவச் சமையலையே கூறும் சென்னை நூலில் அதற்கு இடமேது!

2014இல் இரண்டாம் பினாங்குப் பாலம் பத்து காவானைத் தீவோடு இணைத்தது. தோட்ட நிலத்தில் தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் எழுந்தன. மீனாட்சி அம்மாள் ஆழாக்குக் கணக்கில் எழுதி வைத்தார். லயத்துப் பாட்டிமார் கைப்பிடி என்றும் கண்ணளவு என்றும் சொன்னவற்றைக் கேட்டு எழுதியவர் மிகச் சிலரே.