மரத்து மேலே ரூம்... மரம் யாருடையது?

ராத்திரி மணி பதினொன்று. தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில், தூண்களின் மேல் நிற்கும் ஒரு மரவீட்டில் நீங்கள் படுத்திருக்கிறீர்கள். ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் குடை விரித்தாற்போல விசிறிப்பனை இலை. கூரையில் மழை. மழைக்கு நடுவே தவளைக் கச்சேரி. மழை கொஞ்சம் ஓய்ந்தால், மரங்களுக்கு அப்பால் கடல் மூச்சுவிடும் சத்தம்!

இடம்: ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரை. க்வீன்ஸ்லாந்து மாநிலம். பெயர், டெய்ன்ட்ரீ மழைக்காடு.

ஆஸ்திரேலியா என்றால் நமக்கு கிரிக்கெட் ஞாபகம் வரும். கங்காரு வரும். செம்மண் பாலைவனம் வரும். மழைக்காடு வருமோ? ஆனால் இருக்கிறது. சுமார் 1,200 சதுர கிலோமீட்டர். மலையிலிருந்து இறங்கி வரும் காடு நேராக மணலில் வந்து கால் நனைக்கிறது. அங்கிருந்து படகில் போனால் பவளப்பாறைத் திட்டுகள். ஒரு பக்கம் உலகப் பாரம்பரியக் காடு, மறுபக்கம் உலகப் பாரம்பரியக் கடல்!

‘ஆஹா, காலையில் எழுந்ததும் கடலில் ஒரு குளியல்’ என்று நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள். ஆற்று முகத்துவாரங்களில் உப்புநீர் முதலை உண்டு. நவம்பரிலிருந்து மே வரை கடலில் கொடிய விஷமுள்ள ஜெல்லி மீன்கள். ‘சரி, காட்டுக்குள் காலாற நடக்கலாம்’ என்றால், ஜிம்பி ஜிம்பி என்று ஒரு செடி. இலையில் வெல்வெட் மாதிரி ரோமம். தொட்டால் வலி சில நாள், சிலருக்கு சில மாதம். போதாக்குறைக்கு மனிதரைவிட உயரமாக நிற்கக்கூடிய காசோவரி பறவை, கால் விரலில் கத்தி போன்ற நகத்தோடு!

அதனால்தான் ரூம் மரத்து மேலே என்று நினைக்காதீர்கள். அது வேறு கணக்கு.

மரத்தில் ஏறி உட்காருவது நமக்குப் புதிதல்ல. வள்ளி தினைப்புனம் காத்தது பரண் மேல் இருந்துதான். யானைக்குப் பயந்து இன்றும் மலையோர விவசாயிகள் பரண் போடுகிறார்கள். ஆனால் காசு வாங்கிக்கொண்டு விருந்தாளியை மரத்தில் ஏற்றும் பிசினஸில் பெரிய பெயர் எடுத்தது, கென்யாவில் 1932-ல் திறந்த ‘ட்ரீடாப்ஸ்’. 1952 பிப்ரவரியில் அங்கே தங்கியிருந்தபோதுதான் இங்கிலாந்தின் சாண்ட்ரிங்ஹாமில் அப்பா ஆறாம் ஜார்ஜ் இறந்துபோனார். இளவரசியாக மரமேறிய எலிசபெத், ராணியாக இறங்கினார்!

இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். இரண்டு வருடம் கழித்து, 1954-ல், நிலத்துக்காகப் போராடிய மாவ் மாவ் கலகக்காரர்கள் அந்த மரவீட்டைக் கொளுத்திவிட்டார்கள் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. மேலே விருந்தாளி. கீழே, நிலத்தைப் பறிகொடுத்தவன். டெய்ன்ட்ரீயிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. அங்கே அதற்கு வேறொரு பதில் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் காட்டின் வயதைப் பார்த்துவிடுவோம்.

இந்தியா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே நிலமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பெருநிலத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் கோண்ட்வானா. எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதா? நம் மத்திய இந்தியாவில் கோண்டு பழங்குடிகள் வாழும் வட்டாரத்தின் பெயர்தான் அது! கூட்டுக் குடும்பம் பிரிந்தது. இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியது. ஆஸ்திரேலியா தனிக்குடித்தனம் போனது; போகப் போகக் காய்ந்தும் போனது. ஆனால் இந்த மூலையில் மட்டும் மலையும் கடல் காற்றும் சேர்ந்து மழையைக் குறையவிடவில்லை. அதனால் உலகின் முதல் பூச்செடிகளோடு நெருங்கிய உறவுள்ள பல குடும்பங்கள் இங்கே தப்பிப் பிழைத்திருக்கின்றன.

இதற்கு ஒரு துப்பறியும் கதையே உண்டு. 1902-ல் லுட்விக் டீல்ஸ் என்ற ஜெர்மானியத் தாவர விஞ்ஞானி, கெய்ர்ன்ஸ் நகருக்குத் தெற்கே ஒரு விநோத மரத்தைக் கண்டார். பிறகு அந்த இடத்தில் காட்டை அழித்துக் கரும்பு போட்டுவிட்டார்கள். மரம் அவ்வளவுதான் என்று உலகம் கைகழுவியது. 1971-ல் டெய்ன்ட்ரீ பக்கம் ஒரு விவசாயியின் மாடுகள் திடீரென்று செத்து விழுந்தன. யாரோ விஷம் வைத்துவிட்டார்களா? வயிற்றை அறுத்துப் பார்த்தால், பெரிய பெரிய விதைகள். ஆராய்ந்தார்கள். சாட்சாத் அதே மரம்! ‘இடியோஸ்பெர்மம்’ என்று 1972-ல் பெயர் வைத்தார்கள். உள்ளூரில் சுருக்கமாக ‘இடியட் ஃப்ரூட்’. மனுஷன் கோட்டைவிட்டதை மாடு உயிரைக் கொடுத்துக் கண்டுபிடித்தது. முட்டாள் யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாட்டுக்குத் தெரியாதது அந்தக் காட்டின் மக்களுக்குத் தெரியும். கூகு யலாஞ்சி என்று பெயர். எந்த விதை விஷம், அந்த விஷத்தை ஓடும் தண்ணீரில் எத்தனை நாள் ஊறவைத்தால் போகும், எந்தப் பூ பூத்தால் எந்த மீன் கொழுத்திருக்கும் என்று காட்டையே பஞ்சாங்கமாக வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான வருடங்களாக வாழ்ந்தவர்கள். கடலுக்குள் மூக்கை நீட்டும் அந்த முனைக்கு அவர்கள் வைத்த பெயர் கூல்கி.

மேப்பில் அந்தப் பெயரைத் தேடினால், கேப் ட்ரிபியூலேஷன் என்று இருக்கும். அதாவது, ‘துன்ப முனை’. யாருக்கு வந்த துன்பம்?

1770-ம் வருடம், ஜூன் 11. கேப்டன் ஜேம்ஸ் குக்கின் ‘எண்டேவர்’ கப்பல் அந்தக் கரையை ஒட்டி நிலா வெளிச்சத்தில் போய்க்கொண்டிருந்தது. ராத்திரி பதினொரு மணிக்குச் சற்று முன்னால்... டமார்! பவளப்பாறையில் ஏறி நின்றுவிட்டது. எடையைக் குறைக்க ஆறு பீரங்கிகள் உட்பட சுமார் 40, 50 டன் சாமானைக் கடலில் வீசினார்கள். ஏறக்குறைய ஒரு நாள் போராடி, அலையேற்றத்தில் கப்பலை மீட்டார்கள். (அந்தப் பீரங்கிகளை 1969-ல் கடலடியிலிருந்து எடுத்தார்கள்.) தன் கஷ்டமெல்லாம் அங்கே ஆரம்பித்ததால் குக் அந்த முனைக்கு அப்படிப் பேர் வைத்தார். தலைமுறை தலைமுறையாக நிம்மதியாக இருந்தவர்களின் ஊருக்கு, ஒரே ராத்திரி அவதிப்பட்ட விருந்தாளி வைத்த பெயர் ‘துன்பம்’!

கப்பலைச் சரிபார்க்க வடக்கே, இன்று குக்டவுன் இருக்கும் இடத்தில், சுமார் ஏழு வாரம் தங்கினார்கள். அது கூகு யிமிதிர் மக்களின் பூமி. கங்காரு என்ற வார்த்தையை உலகத்துக்குத் தந்தவர்கள் அவர்கள்தான். குக்கின் ஆட்கள் ஒரு டஜன் ஆமைகளைப் பிடித்துக் கப்பலில் போட்டுவைத்தார்கள். பார்க்க வந்த உள்ளூர்க்காரர்கள் ‘ஒன்றையாவது கொடு’ என்று கேட்டார்கள். முடியாது என்றான் வந்தவன். கோபத்தில் அவர்கள் புல்லுக்குத் தீ வைத்தார்கள், இவர்கள் துப்பாக்கியால் சுட்டார்கள். பிறகு ஒரு பெரியவர் முனை ஒடிந்த ஈட்டியோடு வந்து சமாதானம் செய்துவைத்தார் என்று வரலாறு சொல்கிறது. அடுத்த மாதம், ஆகஸ்ட் 22-ம் தேதி, மொத்தக் கிழக்குக் கரையும் பிரிட்டிஷ் ராஜாவுக்கே சொந்தம் என்று குக் அறிவித்துவிட்டார். ஓர் ஆமையைத் தர மாட்டேன் என்றவர், ஆமை இருந்த கடற்கரையையே எடுத்துக்கொண்டார்!

நூறு வருடம் ஓடியது. 1873-ல் ஜார்ஜ் டால்ரிம்பிள் என்ற அதிகாரி அந்தப் பக்கம் வந்தார். ஓர் ஆற்றைப் பார்த்தார். அப்போது லண்டனில் க்வீன்ஸ்லாந்தின் பிரதிநிதியாக இருந்த நிலவியலாளர் ரிச்சர்ட் டெய்ன்ட்ரீயின் பெயரை அதற்குச் சூட்டினார். கரையெல்லாம் செஞ்சந்தேவதாரு மரங்கள். ‘சிவப்புத் தங்கம்’ என்பார்கள். விடுவார்களா? கோடாலிகள் வந்தன. பின்னாலேயே கரும்பு வந்தது. 1897-ல் க்வீன்ஸ்லாந்து ஒரு சட்டம் போட்டது. பெயரென்னவோ பழங்குடியினர் ‘பாதுகாப்பு’. அதன் கீழ், அரசு நினைத்தால் ஒரு குடும்பத்தைப் பெயர்த்து எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் வைக்கலாம். கூகு யலாஞ்சிகளில் பலர் மிஷன் குடியிருப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த காட்சி நமக்கு நன்றாகப் புரியும். ரியல் எஸ்டேட்!

1980-களின் தொடக்கம். ஆற்றுக்கு வடக்கே கடலோரக் காட்டை அளந்து, கோடு போட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனைகளாகப் பிரித்தார்கள். பெரும்பாலும் ஆளுக்கு ஒரு ஹெக்டேர். மாநில முதல்வர் ஜோ பியெல்கி பீட்டர்சன், நிலக்கடலை விவசாயத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர். புல்டோசர் என்றால் வளர்ச்சி என்று நம்பியவர். ‘நகருக்கு மிக அருகில்’ என்று சொல்ல முடியாது என்பதைத் தவிர, மற்றதெல்லாம் நம் ஊர் கதைதான்.

1983 டிசம்பர். கேப் ட்ரிபியூலேஷனிலிருந்து வடக்கே ப்ளூம்ஃபீல்டுக்கு, காட்டைப் பிளந்து சுமார் 30 கிலோமீட்டர் சாலை போட, உள்ளாட்சி நிர்வாகம் புல்டோசர்களை அனுப்பியது. எதிரே சில டஜன் மனிதர்கள். சிலர் கழுத்துவரை தங்களைத் தாங்களே மண்ணில் புதைத்துக்கொண்டார்கள். சிலர் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். சிலர் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். இன்றைக்கு நீங்கள் பணம் கட்டி ஏறுகிறீர்களே, அந்தக் காட்டு மரங்களில் அன்றைக்கு ஏறியவர்களை போலீஸ் இறக்கிக் கைது செய்தது!

மழைக்காலம் வந்ததால் வேலை நின்றது. 1984-ல் மறுபடி தொடங்கி சாலையைப் போட்டே முடித்தார்கள். போராட்டம் தோற்றது. ஆனால் அந்தப் படங்கள் நாடெங்கும் பத்திரிகைகளிலும் டி.வி.யிலும் வந்துவிட்டன. கழுத்துவரை புதைந்த மனிதனையும் அவன் எதிரே நின்ற புல்டோசரையும் நாடே பார்த்தது. பிரதமர் பாப் ஹாக்கின் மத்திய அரசு காட்டை யுனெஸ்கோவிடம் கொண்டுபோனது. மாநில அரசு எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனது. மரத்தொழிலாளர்கள் கொதித்தார்கள். 1987-ல் ரேவன்ஷூ என்ற ஊருக்கு வந்த சுற்றுச்சூழல் அமைச்சரை ஒரு கும்பல் நெட்டித் தள்ளியது. அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. மரம் வெட்டுவதை நிறுத்தினால் அடுப்பு எரியாதே! 1988 டிசம்பரில், சுமார் 8,900 சதுர கிலோமீட்டர் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அந்தப் பரப்பில் வணிக மரவெட்டு முடிவுக்கு வந்தது. தனியாரிடம் போன மனைகள் பட்டியலுக்கு வெளியே தங்கிவிட்டன. அவற்றில் பலவற்றை அரசும் தொண்டு அமைப்புகளும் பிற்பாடு கோடிக்கணக்கான டாலர் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. விற்றதைவிட மீட்பது எப்போதுமே செலவுதான். அடகுக்கடை வாசலில் நின்றவர்களுக்கு இது தெரியும்.

நான் காமர்ஸ் படித்தவன். இதை லெட்ஜரில்தான் பார்க்கத் தோன்றும். வெட்டிய மரத்துக்கு ஒரே ஒரு தடவை விலை. நிற்கிற மரத்துக்கு, பார்க்க வருகிறவன் தருவது வருஷா வருஷம் வாடகை. மரவீடு, படகு சவாரி, காசோவரி தரிசனம் எல்லாம் அந்த வாடகைக் கணக்கில் வருகிறது. ஆற்றின் குறுக்கே பாலம்கூடக் கட்டவில்லை. கம்பிவடத்தில் ஓடும் ஒரு ஃபெர்ரிதான் கார்களை அக்கரை சேர்க்கிறது. ‘எளிதில் போக முடியாது’ என்பதே சரக்குக்கு விலை!

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பெரிய பிழை. புல்டோசர் கட்சி அதை ‘யாருக்கும் சொந்தமில்லாத காடு’ என்றது. பச்சைக் கட்சியில் பலரும் ‘மனிதக் கை படாத காடு’ என்றார்கள். இரண்டு பேரேடுகளிலுமே கூகு யலாஞ்சிக்குப் பக்கம் இல்லை. வாடகை வருகிறது, சரி. வீட்டுக்காரன் யார்?

அந்த வரியை எழுத ரொம்ப வருடம் ஆனது. 2007-ல் நீதிமன்றம் அவர்களின் பூர்வ நில உரிமையை அங்கீகரித்தது. 2021 செப்டம்பர் 29. டெய்ன்ட்ரீ உட்பட நான்கு தேசியப் பூங்காக்கள், சுமார் 1,60,000 ஹெக்டேர், கிழக்குக் கூகு யலாஞ்சி மக்களிடம் முறைப்படி திருப்பித் தரப்பட்டன. தேசியப் பூங்காவாகவே தொடரும். முதலில் மாநில அரசோடு சேர்ந்து நிர்வாகம், பிறகு அவர்களே தனியாக. ஈட்டி முனை ஒடிந்த அந்தச் சமாதானத்துக்கும் இந்தக் கையெழுத்துக்கும் நடுவில் 251 வருடம்!

‘சுபம்’ போட்டுவிடலாமா? காடு சம்மதிக்காது. 2023 டிசம்பர் 13-ம் தேதி ஜாஸ்பர் புயல் ப்ளூம்ஃபீல்டு ஆற்றோரம் இருக்கும் வூஜல் வூஜல் என்ற பழங்குடி ஊருக்குப் பக்கத்தில் கரையேறியது. அந்த வட்டாரத்தில் சில இடங்களில் ஒரு சில நாளில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்தாலும் 1,400 தான்! வூஜல் வூஜல் வெள்ளத்தில் மூழ்கி, ஊரையே காலி செய்தார்கள். மலை சரிந்து சாலைகள் அறுந்தன. நிலம் கைக்கு வந்து இரண்டே வருடத்தில், மாதக்கணக்கில் வீட்டை விட்டு இருக்க வேண்டிய நிலை. சொந்தக்காரன் ஆனால் சொத்து மட்டுமா வரும், சேதமும் சேர்ந்துதானே வரும்.

சரி, மறுபடி உங்கள் மரவீட்டுக்கு வருவோம். விடிந்துவிட்டது. காலைக் காபிக்குப் பிறகு ஒரு கூகு யலாஞ்சி வழிகாட்டி உங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போவார். புகை மூட்டி வரவேற்பார். இந்த இலையைத் தொடாதே, இந்த விதையைத் தின்னாதே என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடப்பார். எந்த ஊர் மரவீடாக இருந்தாலும், ரூம் போடும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஏ.சி. உண்டா, வைஃபை உண்டா என்று கேட்பதற்கு முன்னால்...

‘இந்த வாடகையில் மரத்துக்காரருக்கு எவ்வளவு?’