எறிபவரும் ஏந்துபவரும்

வரலாற்று உரை என்றதும் அரசர், போர், உடன்படிக்கை என்று எதிர்பார்த்து அமர்ந்திருப்பீர்கள். இன்று நாம் எடுத்துக்கொண்டது ஒரு பந்தின் வரலாறு. அதிலும், தொலைவிலிருந்து ஒருவர் அனுப்ப, ஓடிக்கொண்டே இன்னொருவர் அதைப் பெற்றுக்கொள்ளும் அந்த ஒரு செயலின் வரலாறு.

முதலில் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து புறப்படுவோம். 1980-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள். கோலாலம்பூரில் மெர்டேக்கா அரங்கம். 1957-ல் நாட்டின் விடுதலை முழங்கப்பட்ட அதே அரங்கம். மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குச் செல்வது யார் என்று முடிவுசெய்யும் காற்பந்தாட்டத்தில் மலேசியாவும் தென்கொரியாவும் எதிர்ப்பட்டன. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வயதில் மூத்தவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால், முதலில் கோல்காவலர் ஆறுமுகத்தைத்தான் சொல்வார்கள். கிள்ளான் துறைமுகத்தில் பிறந்தவர். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் பெற்றவர். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்தார். அவருக்கு முன்னால் தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் நின்றார்கள். அவர்களைப் பற்றித் தனியாகவே ஓர் உரை நிகழ்த்தலாம்.

ஆட்டம் 1-1 என்று நின்றது. முடியச் சில நிமிடங்களே இருந்தபோது ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்கினார். மலேசியா 2-1 என்று வென்றது. ஹசான் சானியின் வேகத்தைக் கண்டு மக்கள் அவருக்கு 'லிப்பாஸ் கூடோங்' என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் ஓடி மறையும் கரப்பான்பூச்சியை வைத்து மலாய்க்காரர் சொல்லும் உவமை அது. ஜேம்ஸ் வோங்கோ உயர்ந்த உடல்வாகு கொண்டவர். கோல் முன்னால் நின்று முடிப்பவர். இருவரும் சபா மாநிலத்துக்காரர்கள்; மாநிலக் குழுவிலேயே சேர்ந்து ஆடிப் பழகியவர்கள். பந்து எப்போது வரும் என்று ஒருவருக்கும், ஆள் எங்கே வந்து நிற்பார் என்று மற்றவருக்கும் தெரிந்திருந்தது. அந்த அறிவு ஒரு நாளில் வந்ததல்ல.

அந்தக் குழு மாஸ்கோவுக்குப் போகவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து அமெரிக்கா முன்னின்று நடத்திய புறக்கணிப்பில் மலேசியாவும் சேர்ந்துகொண்டது. வென்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். 2016-ல் 'ஓலா போலா' என்ற திரைப்படம் வந்த பிறகுதான் நம் மாணவர் பலருக்கு அந்தச் செய்தியே தெரிந்தது.

அந்த அமெரிக்காவில், அனுப்புபவரையும் பெறுபவரையும் பொருத்துவதையே உயிராகக் கொண்டு வளர்ந்த ஓர் ஆட்டம் உண்டு. அவர்களும் அதைக் காற்பந்து என்றே அழைக்கிறார்கள். காலுக்கு அதில் வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். திடலின் நீளம் 100 கஜம். நான்கு முயற்சிகளில் 10 கஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. எறிபவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். ஓடிப்போய் ஏந்துபவர் ரிசீவர்.

தொடக்கத்தில் முன்னோக்கி எறிவதே அங்கே தடைசெய்யப்பட்டிருந்தது. ஒருவர்மேல் ஒருவர் மோதித் தள்ளிக்கொண்டு போவதுதான் ஆட்டம். 1905-ல் மட்டும் 18 இளைஞர்களுக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களை அழைத்துப் பேசினார். மறு ஆண்டு, 1906-ல், முன்னோக்கி எறிய இசைவு கிடைத்தது. ஆகவே அந்த எறிதல் அழகுக்காகப் பிறந்ததல்ல. பிள்ளைகள் சாகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பிறந்தது.

இசைவு கிடைத்தும் பலர் துணியவில்லை. எறிந்த பந்தை எவரும் தொடாமல் அது தரையில் விழுந்தால் எதிரணிக்கே போய்விடும் என்பது அன்றைய விதி. 1906 செப்டம்பர் 5-ல் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் பந்து அப்படித்தான் வீணாயிற்று. அதே ஆட்டத்தில் மறுபடி எறிந்தார். ஜாக் ஷ்னைடர் என்பவர் அதை ஏந்திக் கோட்டைக் கடந்தார். 1912-ல் 20 கஜத்துக்கு மேல் எறியக்கூடாது என்ற தடையும் நீங்கியது.

இங்கேதான் நமக்குப் பிடித்த பகுதி வருகிறது. 1913 கோடை விடுமுறையில் நோட்ரடேம் கல்லூரி மாணவர் இருவர், ஈரி ஏரிக்கரையில் சீடர் பாயிண்ட் என்ற உல்லாசத் தலத்தில் வேலைக்குப் போனார்கள். ஒருவர் கஸ் டோரே. மற்றவர் நூட் ராக்னி. போகும்போது ஒரு பந்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் மணலில் ஒருவர் எறிய, மற்றவர் ஓடி ஏந்தினார். நின்ற இடத்தில் நின்று நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பது அன்றைய வழக்கம். ராக்னியோ ஓட்டத்தை நிறுத்தாமல் விரல்களால் வாங்கப் பழகினார். நவம்பர் 1-ஆம் நாள் இராணுவக் கல்லூரியின் வலிமை மிக்க குழுவை 35-13 என்று வீழ்த்தினார்கள். டோரே எறிந்தவை 17, பிடிபட்டவை 14. எதிரணியினர் உடலால் பெரியவர்கள். ஆனால் அவர்கள் அந்தக் கடற்கரை போன்ற மணலில் ஒரு கோடை முழுவதும் கழித்தவர்கள் அல்லர்.

கரும்பலகையில் ஒரு கணக்குப் போடுவோம். வேகமாக ஓடும் ஏந்துபவர் முதல் மூன்று நொடிகளில் சுமார் 23 கஜம் போய்விடுவார். எறிபவர் அதுவரை பொறுத்திருந்து பந்தை விடுகிறார். பந்து காற்றில் இன்னும் சுமார் மூன்று நொடி இருக்கும். அதற்குள் அவர் மேலும் 25 கஜமாவது ஓடிவிடுவார். அப்படியானால் பந்தை எங்கே எறிய வேண்டும்? ஆள் நிற்கும் இடத்துக்கு அல்ல. எவரும் இல்லாத ஒரு வெற்றிடத்துக்கு. எறிந்தவர் ஆளின் ஓட்டத்தை நம்புகிறார். ஓடுபவர் திரும்பிப் பார்க்காமலே எறிந்தவரின் கையை நம்புகிறார். இடையிலுள்ள மூன்று நொடியும் எதிரிகள் தம் குவார்ட்டர்பேக்கின்மேல் விழாமல் ஐந்து பேர் தடுத்து நிற்கிறார்கள். அவர்கள் பெயரை யாரும் சொல்வதில்லை.

ஆகவே நெடுந்தொலைவு எறியும் ஆட்டத்துக்குக் கைவலிமை மட்டும் போதும் என்பது தவறு. கிரீன் பே குழுவில் 1935 முதல் 1945 வரை ஆடிய டான் ஹட்சனைப் பாருங்கள். முதலில் அவருக்கு எறிந்தவர் ஆர்னி ஹெர்பர். மிக நீளமாக எறிபவர். அவருக்குப் பின் வந்தவர் செசில் இஸ்பெல். அடிக்கடி மூட்டு விலகும் தோளோடு, கையை ஓரளவுக்கு மேல் தூக்க முடியாதபடி சங்கிலியால் கட்டிக்கொண்டு ஆடியவர். கட்டிய கை எவ்வளவு எறியும் என்று நாம் நினைப்போம். 1942-ல் 11 ஆட்டங்களில் ஹட்சன் 17 முறை கோட்டைக் கடந்தார். கை மாறியது, பொருத்தம் கெடவில்லை.

பிற்காலத்தில் இதை ஒரு கலையாகவே ஆக்கியவர் சான் டியேகோ குழுவின் பயிற்சியாளர் சிட் கில்மன். திரையரங்கு நடத்திய தந்தையின் மகன். ஆட்டப் படச்சுருளை ஓட்டி ஓட்டி ஆராய்ந்தவர். அவரிடம் உதவியாளராக இருந்த ஆல் டேவிஸ் 1963-ல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் குழுவுக்குப் போனார். அங்கே 1967-ல் வந்து சேர்ந்த டேரில் லமோனிக்கா நெடுக நெடுக எறிந்து 'பைத்தியக்காரக் குண்டுவீச்சாளர்' என்றே பெயர் வாங்கினார். 1969-ல் அவர் எறிந்து கோட்டைக் கடந்தவை 34. அவருக்கு ஏற்றவர் வாரன் வெல்ஸ். அவ்வாண்டு ஒரு பிடிக்குச் சராசரி 26.8 கஜம். எதிரணிகள் சும்மா இருக்குமா? ஆளைத் துரத்தாமல் இடத்தைக் காக்கும் தற்காப்பைக் கட்டினார்கள். வெற்றிடம் சுருங்கியது. 1973-ல் லமோனிக்காவின் இடத்துக்கு இடக்கையாளர் கென் ஸ்டேப்ளர் வந்தார். அவருக்கு அவ்வளவு நீளமான எறி இல்லை, குறி தப்பாது. அவருக்கு வாய்த்தவர் கிளிஃப் பிராஞ்ச், ஓட்டப்பந்தய வீரர்.

அதே குழுவில் ஃப்ரெட் பிலெட்னிகாஃப் என்றொருவர். ஓட்டத்தில் மந்தம். கையில் பசை பூசிக்கொண்டு ஆடுவார். பிராஞ்சின் வேகத்துக்கு அஞ்சி எதிரிகள் பின்வாங்கிப் போனதும், நடுவே திறந்த இடத்தில் போய் நிற்பார். 1977 ஜனவரியில் சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் ரெய்டர்ஸ் 32-14 என்று வென்றபோது சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர் இவர்தான். ஏந்தியவை நான்கே, கோட்டைக் கடக்கவும் இல்லை. வேகமானவர் வாங்கித் தந்த இடத்தில் மெதுவானவர் பரிசு பெற்றார். இதை நாங்கள் ஆசிரியர் அறையில் சொன்னபோது, 'அப்படியானால் பிராஞ்சுக்கல்லவா விருது?' என்றார் உடன் பணிபுரியும் ஆசிரியை. அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை.

இதையெல்லாம் நாம் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. நாங்கள் முன்பு பணியாற்றிய தோட்டப் பள்ளி கிள்ளானுக்கு அப்பால், செம்பனைக்கு நடுவே இருந்தது. மாணவர் குறைவு, காற்பந்துக் குழுவுக்குப் பதினொருவர் சேர்வதே பாடு. ஒரு பையன் நன்றாக உதைப்பான். பந்து திடலைத் தாண்டி லயத்துக் கோழிக்கூண்டில் போய் விழும். அவனைத் தலைவனாக்கினோம். இன்னொருவன் சிறுவன், ஒல்லி. ஓடினால் பிடிக்க முடியாது. உயரம் போதாதென்று அவனை வெளியே உட்கார வைத்தோம். ஓராண்டு அப்படியே போயிற்று. எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். குற்றம் பிள்ளைகளுடையது என்றும் சொன்னோம்.

ஒரு நாள் மாலை, மழைவிட்ட திடலில் அவ்விருவரும் மட்டும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரியவன் உதைப்பதற்கு முன்பே சின்னவன் ஓடத் தொடங்கினான். 'பந்து வரலையேடா, எங்கே ஓடுறே?' என்று கேட்டோம். 'அவன் அங்கதான் உதைப்பான் சார்' என்றான். லயத்தில் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள். நாம் கற்பிக்காததை அவர்களே கற்றிருந்தார்கள்.

மறு ஆண்டு அவர்கள் சேர்ந்து ஆடியது மூன்று ஆட்டம், இரண்டில் வென்றோம். பிறகு தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. ஒரு குடும்பம் கிள்ளானில் அடுக்குமாடிக்கும் மற்றது காப்பார் பக்கத்துக்கும் போயின. பெரியவனை அண்மையில் பிரிக்பீல்ட்சில் பார்த்தோம். லாரி ஓட்டுகிறான். பேச்சுவாக்கில் சின்னவனைப் பற்றித்தான் முதலில் கேட்டான். அவன் எண் எங்களிடம் இல்லை. தெரிந்தவர் மூலம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.