ஊதியத்துடன் ஓய்வு

ஓசூர் சிப்காட் ஆலைகளில் பணிபுரியும் நம் இளைஞர் பலர், சம்பளத்துடன் கூடிய விடுப்பை முதலாளியின் தயவென்றே எண்ணுகின்றனர். வரலாறு வேறு. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்த அண்ணல் அம்பேத்கர் கொணர்ந்த திருத்தத்தால், ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் ஓராண்டு பணிபுரிந்தோர்க்கு ஊதியத்துடன் 10 நாள் ஓய்வு 1945இல் சட்டமாயிற்று. நோயுற்று ஒரு நாள் படுத்தாலும் பண்ணைக்கூலி இழந்த நம் பாட்டன்மார் கேட்டறியாத செய்தி இது! 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஆண்டில் 240 நாள் உழைத்தவர்க்கு 20 நாளுக்கு ஒரு நாள் விடுப்பென விரித்தது. அந்நாள் நிறையுமுன் ஆளை நிறுத்திவிட்டுப் புது ஆளாக மீண்டும் சேர்க்கும் ஒப்பந்தக்காரரையும் நாம் கண்டிருக்கிறோம். ஆதலின் மாதந்தோறும் சம்பளச் சீட்டைக் கேட்டுப் பெற்றுப் பாதுகாத்தல் வேண்டும். 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அவ்வெல்லையை 180 நாளாகக் குறைத்தது. ஒப்பந்தக்காரர் கணக்கும் அதற்கேற்பக் குறையலாம்.