காந்தக் கண் – 7: பேர்கன்காரர் கிழித்த வரைபடம்

1952 ஆகஸ்ட். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்துக்கு ஐரோப்பாவிலிருந்து மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். இங்கிலாந்தின் ஃபிராங்க் கோவர்டு, ஆஸ்லோவில் பிறந்த ரோல்ஃப் விடரோ, இருவருக்கும் தலைவராக பேர்கன் நகரத்து ஓட் டால்.

டால் பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். துருவப் பயணி ஆமுன்ட்சனின் 'மாட்' கப்பலில் விமானியாக ஆர்க்டிக் போனார். விமானம் நொறுங்கியது. கப்பல் பனியில் உறைந்து கிடந்த காலத்தில், கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஆய்வுக் கருவிகள் செய்யத் தொடங்கினார். அந்தக் கைத்திறன்தான் அவரைப் பேர்கனின் கிறிஸ்டியன் மிக்கெல்சன் நிறுவனம் வரை கொண்டு வந்தது. இப்போது ஐரோப்பிய நாடுகளின் கூட்டு ஆய்வு அமைப்பான 'செர்ன்' கட்டப்போகும் பெரிய துகள் முடுக்கி அவர் பொறுப்பில்.

திட்டம் தயாராக இருந்தது. புரூக்ஹேவனின் காஸ்மோட்ரான் முடுக்கி 300 கோடி எலெக்ட்ரான் வோல்ட் தரும். அதையே பெரிதாக்கி 1,000 கோடியை எட்டுவது. ஆனால் காஸ்மோட்ரானின் காந்தம் துகள்களை லேசாகத்தான் இழுத்துப் பிடிக்கும். அலையும் கற்றைக்கு இடம் விட, 36 அங்குல அகலமும் 9 அங்குல உயரமுமான பாதை தேவைப்பட்டது. அதைச் சுற்றி 2,000 டன் காந்தம்!

விருந்தாளிகளுக்குக் காட்ட ஏதாவது புதிதாக யோசிக்கலாமே என்று புரூக்ஹேவனில் உட்கார்ந்த ஸ்டான்லி லிவிங்ஸ்டன் ஒரு கேள்வி கேட்டிருந்தார். காஸ்மோட்ரானின் எல்லாக் காந்தங்களும் வெளிப்பக்கமே திறந்திருக்கின்றன. ஒன்றுவிட்டு ஒன்றை உள்பக்கம் திருப்பினால்? எர்னஸ்ட் கூரான்ட் கணக்குப் போட்டார். கற்றை சிதறவில்லை, இறுகியது. ஹார்ட்லாண்ட் ஸ்னைடர் காரணம் சொன்னார்.

இப்படி மாறி மாறி நிறுத்தும் காந்தங்களில் ஒன்று ஒரு திசையில் கற்றையை நெருக்கும், குறுக்குத் திசையில் விரிக்கும். அடுத்த காந்தம் நேர்மாறாக. விரிந்த துகள் நடு அச்சைவிட்டு விலகி நிற்பதால், அடுத்த நெருக்கும் காந்தத்தில் பலமான இழுப்பைச் சந்திக்கும். நெருங்கிய துகளோ அச்சருகே போவதால், விரிக்கும் காந்தம் அதை அதிகம் தொடாது. கூட்டிக் கழித்தால் மிச்சம் குவிப்பே. 3,000 கோடி வோல்ட் முடுக்கிக்கு 1 அங்குலத்துக்கு 2 அங்குலப் பாதை போதும் என்றார்கள்!

எலெக்ட்ரான் கற்றைக்கும் இதே முறையில் சிறிய லென்ஸ் செய்யலாம் என்று அம்மூவரும் இந்த முறையை அறிவித்த கட்டுரையிலேயே எழுதினார்கள். எலெக்ட்ரானின் உந்தம் இரட்டித்தால் வழக்கமான வட்ட லென்ஸின் வலு கால்பங்காகிவிடும். இந்த முறையில் குவிக்கும் நான்முனைக் காந்தத்துக்கோ பாதிதான் குறையும். பல லட்சம் வோல்ட் எலெக்ட்ரான்களால் கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைந்த பொழுதைப் படம்பிடிக்க முயலும் இன்றைய நுண்ணோக்கிகள், கையடக்க நிரந்தரக் காந்த லென்ஸ்களை நாடுவது இதனால்தான்.

புரூக்ஹேவனில் இந்த யோசனையைக் கேட்ட டால் தயங்கவில்லை. கையிலிருந்த திட்டத்தைக் கைவிடச் சொன்னார். யாரும் கட்டிப் பார்க்காத ஒன்றின் மேல் ஒரு கண்டத்தின் பணத்தை வைக்கச் சொல்வதற்குப் பெரிய நெஞ்சுரம் வேண்டும். அக்டோபரில் செர்ன் மன்றம் ஒப்புக்கொண்டது.

அதன்பின் சில மாதங்கள்கூட ஆகவில்லை. இங்கிலாந்தின் ஹார்வெல்லில் ஜான் லாசன் ஒரு கணக்கை முடித்தார். காந்தங்களை நிறுத்துவதில் மிகச் சிறு பிசகு நேர்ந்தாலும் போதும், கற்றை முழுவதும் சுவரில் மோதி அழியும் என்றது அந்தக் கணக்கு.

(தொடரும்)