தாளப்பொறியும் தாளக் கலைஞனும்

தாளம் கையிற் பிறந்தது. கைகொட்டலும் தொடைதட்டலும் முந்தியவை. தோற்கருவிகள் அவற்றிற்குப் பின்னர் வந்தவை. தண்ணுமை முழக்குவோனது தகுதியைத் தனியே எடுத்தோதும் சிலப்பதிகார அரங்கேற்று காதையைக் கற்றோர், தாளக் கலைஞனுக்குப் பழந்தமிழர் அளித்த இடத்தை நன்கு அறிவர். அத்தகைய கலைஞனின் கையை விட்டுத் தாளம் பிரிந்து ஒரு பெட்டிக்குள் குடிபுகுந்த வரலாறோ இருபதாம் நூற்றாண்டிற்கே உரியது. அவ்வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நிகழ்ந்தது. இன்று இளைஞர்கள் சட்டைப்பையில் இட்டுச் செல்லும் சேம்ப்ளர் என்னும் ஒலித்துணுக்குக் கருவி அதன் அண்மைக் காலக் கிளையாகும்.

முதல் முயற்சி 1931ஆம் ஆண்டினது. அமெரிக்க இசைப்புலவர் ஹென்றி கவெல் வேண்டியபடி, ரஷ்ய அறிஞர் லியோன் தெரெமின் 'ரித்மிகான்' என்னும் பொறியை அமைத்தார். துளையிட்ட தட்டுகள் சுழல, அத்துளைகளின் வழியே பாயும் ஒளி மின்துடிப்பாகித் தாளமாக ஒலித்தது. அறிவுலகின் வியப்பாக அமைந்ததே அன்றி, அது மக்களிடம் சென்று சேரவில்லை. மக்களிடம் சென்றது 1959இல் அமெரிக்க வுர்லிட்சர் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த 'சைட்மேன்' ஆகும். வீட்டில் ஆர்கன் வாசிப்போர்க்குத் துணையாக வால்ட்ஸ், டாங்கோ முதலிய தாளங்களை அது ஓயாமல் முழக்கியது. 'பக்கத்தே நிற்பவன்' என்னும் பொருள்தரும் அப்பெயரைக் கேட்டவுடன், உண்மையிலேயே பக்கத்தே நின்று வாசித்து வயிறு வளர்த்தவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை. அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பு இதனை ஆராய்ந்து 1961இல் ஒரு முடிவு கூறியது. கிளைச் சங்கங்கள் இப்பொறியைத் தடை செய்ய இயலாது. ஆயினும் நடனத்திற்கு இதனைப் பயன்படுத்தலாகாது என்பதே அம்முடிவு. தாளமும் வேண்டும், தாளக் கலைஞனின் பிழைப்பும் கெடலாகாது என்னும் இரண்டுங்கெட்டான் நிலை அன்றே தொடங்கிவிட்டது.

தோக்கியோவில் ஷிஞ்ஜுக்கு பகுதியில் இரவு விடுதி நடத்திவந்தவர் சுதோமு கடோ. அவ்விடுதியில் ததாஷி ஒசனாய் என்பார் சைட்மேன் துணையுடன் அக்கார்டியன் வாசித்து வந்தார். பொறியின் தாளம் அவருக்கு நிறைவு தரவில்லை. இதனினும் நல்லதொன்றைத் தம்மால் செய்ய இயலும் என்று அவர் கூற, கடோ பொருளுதவி செய்தார். அவ்வாறு 1963இல் வெளிவந்ததே 'டோன்கா மேட்டிக்' என்னும் தாளப்பொறி. அவ்விருவரும் தொடங்கிய சிறு தொழிற்கூடமே பின்னாளில் 'கோர்க்' எனப் பெயர் பூண்டது. பொறியின்பால் குறைகண்டு புதுப்பொறி படைத்தவர் ஒரு வாசிப்புக் கலைஞர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அதே காலத்தில் ஓசாக்காவில் இகுதாரோ ககெஹாஷி என்னும் மற்றொருவர் இத்துறையில் இறங்கினார். 1930இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, காசநோயுடன் போராடி எழுந்தவர். கைக்கடிகாரம் பழுதுபார்த்து வாழ்க்கையைத் தொடங்கியவர். நொடிகளைப் பிழையின்றி எண்ணும் தொழிலில் பழகிய கை, தாளத்தை எண்ணும் பொறிக்கு வந்தது பொருத்தமே. 1967இல் அவருடைய 'ரிதம் ஏஸ்' வெளிவந்தது. 1972இல் ரோலண்டு நிறுவனத்தை நிறுவினார். அந்நிறுவனம் 1978இல் வெளியிட்ட 'சிஆர்-78' நுண்செயலி பூண்டது. முன்னரே அமைத்த தாளங்களை ஒலிப்பதோடு நில்லாது, வாசிப்போர் தாமே இயற்றிய தாளத்தையும் நினைவில் வைத்துக்கொண்டது.

1980இல் இரு பொறிகள் பிறந்தன. இரண்டும் இருவேறு நெறிகளைச் சார்ந்தவை. ஒன்று ரோலண்டின் 'டிஆர்-808'. அதன் ஒலிகள் யாவும் மின்சுற்றுகளால் படைக்கப்பட்டவை. உண்மை முரசின் ஒலி அவற்றுள் ஒன்றிலும் இல்லை. பெருமுரசுக்கு ஈடாக அதில் எழுவது, மணியை ஒருமுறை தட்டினால் நெடுநேரம் முழங்கி மெல்ல அடங்குவது போன்ற ஓர் ஆழ்ந்த அதிர்வே. தொழிற்சாலைகள் குறையுள்ளவை என்று கழித்த டிரான்சிஸ்டர்களை ககெஹாஷி வேண்டுமென்றே வாங்கினார். அப்பொறிக்கே உரிய சலசலப்பு அக்குறையினின்று வந்தது. பின்னர் டிரான்சிஸ்டர் செய்முறை சீர்பட்டு, கழிவுகள் கிடைப்பது அரிதாகவே, 1983இல் 808இன் உற்பத்தி நின்றது. அதுகாறும் செய்யப்பட்டவை ஏறத்தாழ 12,000. உண்மை முரசு போல் ஒலிக்கவில்லை என்று பலர் அதனை இகழ்ந்தனர். அவர்கள் விற்றுக் கழித்ததை வறிய இளைஞர்கள் மலிவாக வாங்கினர். 1982இல் ஆப்ரிக்கா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' அவ்வொலியை உலகறியச் செய்தது. அதே 1982இல் மும்பையில் சரண்ஜித் சிங் இப்பொறியைக் கொண்டு பத்து இராகங்களை இசைத்தட்டாக்கினார். அன்று அதனைக் கேட்டவர் சிலரே. 2010இல் அது மறுபதிப்பாகி வந்தபோதுதான் உலகம் வியந்தது.

மற்றொன்று அமெரிக்கர் ரோஜர் லின் படைத்த 'எல்எம்-1'. உண்மை முரசின் ஒலியையே பதிந்து, மின்னிலக்க வடிவில் நினைவுச் சில்லுகளில் அடக்கிய முதல் தாளப்பொறி இது. விலை ஏறத்தாழ 5,000 டாலர். செய்யப்பட்டவை 500 அளவே. நெடிது ஒலிக்கும் தாம்பாளம் போன்ற சிம்பல் இதில் இல்லை. நினைவுச் சில்லு அத்துணை விலையுயர்ந்த பொருளாக இருந்த காலம் அது. எனினும் லின் செய்த பெருந்தொண்டு ஒலியில் இல்லை, நடையில் உள்ளது. தட்டுவோன் சற்றே முந்தினாலும் பிந்தினாலும் அதனை உரிய இடத்திற்கு இழுத்து நிறுத்தும் நேரத்திருத்தத்தை அவர் அமைத்தார். அவ்வாறு திருத்திய தாளம் உயிரற்றதாக ஒலித்தது. அதற்கு மாற்றாக 'ஸ்விங்' என்னும் அசைவையும் அவரே அமைத்தார். ஓர் எண்ணிக்கையை நான்கு நுண்ணடிகளாகப் பகுத்து, இரண்டாவதையும் நான்காவதையும் சிறிதளவு பின்தள்ளுவதே அதன் முறை. தள்ளாதபோது அது நேரான சதுரசிரம். மூன்றில் இரண்டு பங்கு அளவிற்குத் தள்ளியபோது திசிரத்தின் சாயல் பெறும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள, எந்த நடைக்கும் பெயரிட்டு அடங்காத இடத்தில்தான் கேட்போரின் தலை தானே அசைகிறது. நல்ல மிருதங்க வித்துவான் சொல்லாமல் செய்வதை எண்ணால் அளந்து ஒரு பொத்தானில் வைத்தவர் லின் எனலாம்.

இவை நிற்க, நியூயார்க் நகரத்துப் பிராங்ஸ் பகுதியில் வேறொரு வழி திறந்திருந்தது. 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், செஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் நடந்த விருந்தில், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்னும் இளைஞர் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாட்டு ஓய்ந்து முரசு மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில் ஆடுவோர் கிளர்ந்தெழுவதைக் கண்டவர் அவர். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை மாற்றி மாற்றி ஓட்டி அச்சில நொடிகளை நீட்டித்தார். ஹிப்-ஹாப் இசையின் வித்து அது. கை செய்த அவ்வேலையைப் பின்னர்ப் பொறி ஏற்றது. 1987இல் வந்த இ-மியூ நிறுவனத்தின் 'எஸ்பி-1200' மொத்தமே 10 நொடி ஒலியைத்தான் கொள்ளும். இளைஞர்கள் அதற்கும் வழி கண்டனர். 33 சுற்று வேகத்தில் ஓடவேண்டிய இசைத்தட்டை 45 சுற்று வேகத்தில் ஓட்டிப் பதிந்து, பொறிக்குள்ளே சுருதியை இறக்கிப் பழைய வேகத்திற்குக் கொணர்ந்தனர். அதனால் ஏற்பட்ட கரகரப்பே அக்கால இசையின் அடையாளமாயிற்று. 1988இல் ஜப்பானிய அகாய் நிறுவனத்துடன் சேர்ந்து லின் உருவாக்கிய 'எம்பிசி60', வரிசைக்கு நான்காகப் பதினாறு இரப்பர்க் கட்டங்களைக் கொண்டது. விரலின் அழுத்தத்திற்கேற்ப ஒலி மிகும், குறையும். பெட்டிக்குள் போன தாளம் மீண்டும் விரல்நுனிக்கு வந்தது.

இவ்வளவும் மேசைமீது கிடந்த கனத்த பெட்டிகள். கையில் எடுத்துச் செல்லும் காலம் சற்றுப் பின்னரே வந்தது. ரோலண்டு குழுமத்தின் 'எஸ்பி-303' 2001இலும், பேட்டரியால் இயங்கும் 'எஸ்பி-404' 2005இலும் வெளிவந்தன. மேட்லிப் என்னும் கலைஞர் 2004இல் வெளியான 'மேட்வில்லனி' தொகுப்பின் தாளங்களுட் பெரும்பாலானவற்றைப் பிரேசில் நாட்டு விடுதி அறையில், எளிதில் எடுத்துச் செல்லும் இசைத்தட்டு இயக்கியும் எஸ்பி-303உம் கொண்டு இயற்றினார். டெட்ராய்ட் நகரத்து ஜே டில்லாவோ, சில தட்டுகளை நேர்வரையில் நிறுத்தியும் சிலவற்றைச் சற்றே முந்தவும் பிந்தவும் விட்டும், பொறியைக் கொண்டே பொறித்தன்மையைப் போக்கினார். 2006 பிப்ரவரி 10ஆம் நாள், 32ஆம் அகவையில் அவர் மறைந்தார். இறுதித் தொகுப்பை மருத்துவமனைக் கட்டிலிலேயே செய்து முடித்தார் என்னும் கதை பரவியுள்ளது. பெரும்பகுதி அதற்கு முன்னரே இயற்றப்பட்டது என்று பின்வந்த ஆய்வு காட்டுகின்றது. கதை இன்றியே அவர் பெருமை நிற்கும். அவர் கையாண்ட 'எம்பிசி3000' இப்போது வாஷிங்டன் நகரில், ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்றிற்கும் பண்பாட்டிற்கும் உரிய தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஸ்டாக்ஹோமைச் சார்ந்த டீனேஜ் எஞ்சினியரிங் 2018இல் வெளியிட்ட 'பிஓ-33' உறைகூட இல்லாத ஒரு மின்பலகை, கைக்கணக்கி அளவினது, சிறு பேட்டரி இரண்டு போதும். 40 நொடி ஒலி கொள்ளும். உள்ளேயே ஒலிவாங்கியும் உண்டு. ஆதலின் கதவைத் தட்டும் ஓசையும் கரண்டி விழும் ஓசையும் உடனே தாளமாகின்றன. நான்கு எண்ணிக்கை, ஒவ்வொன்றிற்கும் நான்கு நுண்ணடி, ஆகப் பதினாறு கட்டம். முதலாவதிலும் ஒன்பதாவதிலும் பெருமுரசு, ஐந்தாவதிலும் பதின்மூன்றாவதிலும் சிறுமுரசு என்று வைத்தால் அடிப்படை அமைந்துவிடும். அமையாதது எதனை வைக்காமல் விடுவது என்னும் தேர்ச்சி. அதனைக் கருவி கற்பிப்பதில்லை.

இப்பெட்டிகளுள் முழங்கும் முரசொலிகள் யாருடையவை என்னும் வினா எஞ்சுகின்றது. 1969இல் 'வின்ஸ்டன்ஸ்' குழுவின் 'ஆமென், பிரதர்' என்னும் இசைத்தட்டில் கிரெகரி கோல்மன் ஏறத்தாழ ஏழு நொடி தனித்து வாசித்தார். அவ்வேழு நொடியைப் பல்லாயிரம் இசைப்பதிவுகள் எடுத்தாண்டன. அவருக்கு ஒரு காசும் வந்ததில்லை. 2006இல் வீடற்ற வறியவராக இறந்தார். 2015இல் அன்பர்கள் திரட்டிய 24,000 பவுன் குழுத்தலைவர் ரிச்சர்டு ஸ்பென்சரைச் சென்றடைந்தது. கோல்மனுக்கு அது ஒன்பது ஆண்டுகள் பிந்திய செய்தி. சட்டமும் துணைவரவில்லை. 1991இல் நியூயார்க் நீதிமன்றம், இசைவின்றி ஒலித்துணுக்கை எடுத்தாளுதல் களவு என்று கடுமையாகத் தீர்ப்புரைத்தது. அதற்குப்பின் இசைவுக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் வலுப்பெற்றது. அப்பணம் பாட்டை இயற்றியவர்க்கும் பதிவை உடைமையாகக் கொண்ட நிறுவனத்திற்கும் போயிற்று. முரசறைந்தவனை இயற்றியவனாக எண்ணும் வழக்கம் அங்கு இல்லை.

கிளைடு ஸ்டப்பிள்ஃபீல்டின் நிலையும் அதுவே. ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பதிவில், 1969 நவம்பரில் சின்சினாட்டி நகரில் அவர் வாசித்த தாளம் எண்ணற்ற ஹிப்-ஹாப் பாட்டுகளைத் தாங்கியது. உரிமைத்தொகை அவருக்கு இல்லை. பின்னாளில் புற்றுநோய் கண்டு மருத்துவச் செலவு 80,000 டாலர் அளவிற்கு ஏறியபோது, ஒருவர் ஓசையின்றி அதனைத் தீர்த்துவைத்தார். அவர் பாடகர் பிரின்ஸ். லின் படைத்த எல்எம்-1ஐ எவரினும் திறம்படக் கையாண்டவர். 2016இல் பிரின்ஸ் மறைந்த பின்னரே ஸ்டப்பிள்ஃபீல்டு இதனை வெளியிட்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அவரும் காலமானார். அதே 2017இல், ஏப்ரல் முதல் நாளில், ககெஹாஷியும் மறைந்தார்.