பள்ளிக்காக யாரிடம் கேட்பது?

அமெரிக்காவில் மாவட்டப் பள்ளி வாரியத்துக்குப் போட்டியிடுகிறவர் ஊர்க்கூட்டத்தில் அமர்ந்து, பள்ளி வரி எங்கே செலவாகிறது, எந்தப் பள்ளியை ஏன் மூடுகிறார்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். நம்மூருக்கு இது ஒட்டாத வழக்கம் என்று தோன்றலாம். ஆனால் திருச்சி ஜில்லாவில் ஒரு தலைமுறைக்கும் மேலாகப் பள்ளிகளை நடத்தியவர்கள் தேர்தலில் நின்று வந்தவர்கள்தாம். திருச்சி நகரத்துக்கு 1866இல் நகராட்சி வந்தது. நகருக்கு வெளியே 1884ஆம் ஆண்டுச் சட்டம் ஜில்லா போர்டையும் தாலுகா போர்டுகளையும் அமைத்தது. தொடக்கத்தில் கலெக்டரே போர்டு தலைவர். 1920இல் வந்த ஸ்தல போர்டுகள் சட்டம்தான் தேர்தலில் வென்ற உறுப்பினர்களைப் பெரும்பான்மையாக்கியது. அதே ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் கல்விக்கென்றே தனி வரி போடவும் இடம் கொடுத்தது. லால்குடி மிராசுதாரும் உடையார்பாளையத்து மானாவாரி விவசாயியும் நிலவரியோடு சேர்த்து போர்டுக்கான செஸ்ஸையும் கட்டினார்கள். அந்தப் பணத்தில் எந்த ஊருக்குப் பள்ளிக் கட்டடம் வந்தது, எந்த ஊருக்கு வாத்தியார் வரவில்லை என்று கேட்க, பெயர் தெரிந்த ஒரு போர்டு மெம்பர் இருந்தார். நாம் இழந்தது அந்த மெம்பரைத்தான் என்பது என் வாதம்.

இதற்கு வரும் மறுப்புகள் கனமானவை. வரி கட்டியவர்களுக்கே அன்று வாக்கு இருந்ததால், பள்ளி மிகவும் தேவைப்பட்ட கூலிக்காரக் குடும்பம் கேள்வி கேட்கும் இடத்திலேயே இல்லை. பல ஊர்களில் பொதுப் பணத்தில் நடந்த பள்ளி அக்கிரகாரத்திலோ கோயிலை ஒட்டிய சாவடியிலோ இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தை அந்தத் தெருவுக்குள் கால்வைக்க முடியாதபோது, பள்ளி எல்லாருக்கும் திறந்தது என்று ஏட்டில் எழுதி என்ன பயன்? அத்தகைய இடங்களிலிருந்து பள்ளிகளை மாற்றும்படி அரசே உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆசிரியர்களின் குறையும் உண்மையானது: நியமனமும் இடமாற்றமும் போர்டு தலைவர் கையில் இருந்தபோது, தேர்தலில் எதிரணிக்கு வேலை செய்தார் என்ற சந்தேகமே ஒருவரைத் தொலைதூரத்து ஊருக்குத் தூக்கியடிக்கப் போதும். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் இந்த நோய்களுக்கு மருந்து தனித்தனியே கிடைத்தது. வயது வந்த எல்லாருக்கும் வாக்கு வந்தது. தீண்டாமை சட்டப்படி குற்றமானது. 1958ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின் ஜில்லா போர்டுகள் கலைந்தன. தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களுக்குப் போயின. போர்டு உயர்நிலைப் பள்ளிகளை 1970இல் அரசு எடுத்துக்கொண்டது. 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனார்கள். சம்பளம் நிலைப்பட்டது, தலைவர்களின் பழிவாங்கல் போயிற்று. மிக நல்ல மாற்றம் அது. ஆசிரியரைக் காக்க நியமனத்தை அரசு எடுத்துக்கொண்டது சரி. அதற்காகப் பள்ளியின் இடம், கட்டடம், கழிப்பறை, இணைப்பு, மூடல் ஆகியவற்றையும் சேர்த்து எடுத்திருக்க வேண்டியதில்லை. வாக்குரிமை எல்லாருக்கும் கிடைத்த பிறகு, வாக்கால் கேட்கக்கூடிய விஷயங்கள் ஒவ்வொன்றாக நழுவிப்போயின.

இன்று பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே என்பார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். வரி கட்டியவரின் போர்டில் அரிதாகவே இடம் கிடைத்த தாய்மார் இன்று அதில் தலைவராகிறார்கள். போற்ற வேண்டிய முன்னேற்றம். ஆனால் அந்தக் குழுவின் எல்லை பள்ளிச் சுவரோடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு மகள் எங்கே போவாள், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு ஏன் ஆசிரியர் கூடுதல் என்பவை பல ஊர்களைச் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவை. அந்த முடிவு முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகச் சென்னைக்குப் போகிறது. அரசியல் சட்டத்தின் பதினோராம் அட்டவணை, தொடக்க, இடைநிலைப் பள்ளிகள் உள்ளிட்ட கல்வியை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க துறையாகவே வைத்திருக்கிறது. மாவட்ட ஊராட்சிக்குத் தேர்தலும் நடக்கிறது. அதில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம் பள்ளியைப் பற்றிக் கேட்டால், அது என் கையில் இல்லை என்று அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. 1920களில் போர்டு தேர்தலில் வாக்குக் கேட்டு வந்தவரால் அப்படிச் சொல்லித் தப்பியிருக்க முடியாது.